கருவியும் கடனும்

நீலகிரியில் சோலூரை அடுத்துக் கோக்கால் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கோத்தர்கள் வாழும் ஏழு ஊர்களில் அது ஒன்று. மலையில் வாழ்ந்த மற்ற மக்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் கொல்லர்களும் தச்சர்களும் குயவர்களும் வாத்தியக்காரர்களும் கோத்தர்கள்தாம். படகருடைய மண்வெட்டியும் அரிவாளும், தோடருடைய கத்தியும் கோத்தரின் உலைக்களத்திலிருந்து வந்தவை. படகர்கள் அறுவடையில் தானியம் அளந்தார்கள். தோடர்கள் நெய் கொடுத்தார்கள். இன்ன படகர் குடும்பத்துக்கு இன்ன கோத்தர் குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக ஓர் ஏற்பாடு இருந்தது. அரிவாள் மழுங்கினால் யாரிடம் போவது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த உறவை நான் பொற்காலமாகச் சித்திரிக்கப் போவதில்லை. கருவியை வாங்கிக்கொண்டவர்கள், அதைச் செய்து கொடுத்தவரைத் தங்களுக்குக் கீழாகத்தான் வைத்திருந்தார்கள். பிறகு கடைவீதி வந்தது. காசு கொடுத்தால் மண்வெட்டி கிடைத்தது. டேவிட் மாண்டல்பாம் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1937-இல் கோத்தர்களிடையே வந்து தங்கியபோது, அந்தப் பழைய ஏற்பாடு குலைந்துகொண்டிருந்தது. கடை மண்வெட்டியில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அதைச் செய்தவன் முகத்தை நாம் பார்க்க வேண்டியதில்லை. அவனுக்கு உடம்பு சரியில்லையா, அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை. நஷ்டம் என்று ஒன்று இருந்தால் அதுவும் இதுவேதான்.

நாம் அன்றாடம் கையாளுகிற ஒரு கருவியைச் செய்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய கடமை நமக்கு உண்டா? காசு கொடுத்தோம், வாங்கினோம், தீர்ந்தது என்று இருந்துவிடலாமா? கம்ப்யூட்டர் யுகத்தில் இந்தக் கேள்வி பழைய கேள்வியாகிவிட்டது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை என்று எனக்குக் காட்டியவன், அதே சோலூரில் தேயிலையும் கொஞ்சம் காரட்டும் போட்டிருக்கும் ஒரு சிறு விவசாயியின் மகன்.

அந்தப் பிள்ளை கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்தவன். பழைய மடிக்கணினி ஒன்றில் ‘ஜென்டூ’ என்ற லினக்ஸை வைத்திருக்கிறான். இரவில் கட்டளையைக் கொடுத்துவிட்டுப் படுத்தால், பொழுது விடிகிற வரையில் இயந்திரம் முனகிக்கொண்டே இருக்கிறது. மார்கழிக் குளிரில் அதன்மேல் கை வைத்துச் சூடு காயலாம் என்பது ஒரு உபரி லாபம். தகப்பனாருக்கு இது பிடிக்கவில்லை. “ரெடியாக் கிடைக்கறதை விட்டுட்டு ராத்திரி பூரா என்னத்தையோ அரைச்சிட்டிருக்கான், சார். கேட்டா, தானே செஞ்சாத்தான் தன்னுதாம்!” என்று என்னிடம் முறையிட்டார்.

என்ன அரைக்கிறான் என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் ஓடுகிற எந்த நிரலையும் முதலில் மனிதர்கள்தாம், மற்ற மனிதர்கள் படிக்கக்கூடிய எழுத்தில் எழுதுகிறார்கள். அது மூல நிரல். இயந்திரத்துக்கு அந்த எழுத்து புரியாது. ‘கம்பைலர்’ என்ற வேறொரு நிரல் அதை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருகிறது. மாற்றிய பிறகு மனிதனுக்கு அது வெறும் எண்களின் குவியல். நம்மில் அநேகமாக எல்லோரும் மாற்றி முடித்ததைத்தான் வாங்கிக்கொள்கிறோம். லினக்ஸிலும் பெரும்பாலானவை அப்படித்தான் வருகின்றன. நம் சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் அந்த வகையே. ஜென்டூவோ மூலத்தையும் செய்முறைக் குறிப்பையும் கையில் கொடுத்து, “நீயே செய்துகொள்” என்கிறது. தோட்டத்து இலைக்கும் டப்பாவில் அடைத்த தூளுக்கும் உள்ள வித்தியாசம் இது. தூளைப் பார்த்து எந்த மலைச்சரிவின் இலை, யார் கிள்ளியது என்று சொல்ல முடியுமா? இந்த உவமையை நான் சொன்னபோது தகப்பனார் சிரித்துவிட்டார். பச்சை இலையை மூட்டை மூட்டையாகத் தொழிற்சாலைக்குப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வேண்டிய தூளைக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறவர் அவர்.

ஜென்டூ என்பது பெங்குவின் பறவைகளில் மிக வேகமாக நீந்தும் ஓர் இனத்தின் பெயர். டானியல் ராபின்ஸ் என்பவர் தொண்ணூறுகளின் கடைசியில் ‘ஈனாக்’ என்ற பெயரில் தொடங்கி, பிறகு இந்தப் பெயருக்கு மாற்றி, 2002-இல் முதல் முழு வெளியீட்டைக் கொண்டுவந்தார். அவனவன் இயந்திரத்துக்கு ஏற்றபடி அவனவனே செய்துகொண்டால் எல்லாம் வேகமாக ஓடும் என்பது அன்றைய கவர்ச்சி.

இதில் அகந்தைக்கு இடம் உண்டு; அதை மறைத்துப் பயனில்லை. சாதாரண வேலைகளில் அந்த வேகம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. விரயமும் இருக்கிறது. ஒரே நிரலை உலகத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் மணிக்கணக்கில் அரைப்பது எந்த தர்மத்தில் சேர்ந்தது? சோலூருக்குக் கூப்பிடு தூரத்தில் பைக்காரா ஆற்றை மறித்து 1932 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த மின்சாரம் ஒருவனுடைய ‘தன்னுடையது’ என்ற திருப்திக்காக எரிவது நியாயமா என்று தகப்பனார் கேட்டால், நான் அவர் பக்கம்தான். ஜென்டூவை நடத்துகிறவர்களே 2023 டிசம்பர் கடைசியில், வேண்டுமானால் செய்து முடித்ததையும் எடுத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். பழைய பக்தர்களில் சிலருக்கு அது ஆசாரக் குறைவாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு விவேகமாகப் பட்டது.

சரி, விரயம் போகட்டும். தானே செய்துகொண்டால் பிறரை நம்ப வேண்டியதில்லை என்கிறார்களே, அதுவாவது மெய்யா?

யூனிக்ஸைப் படைத்த இருவரில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய உரை 1984-இல் அச்சாயிற்று. சில பக்கங்கள்தாம். ஆனால் படிக்கிறவனுக்குத் தூக்கம் கெடும். கம்பைலரையே ஒருவன் கெடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் காட்டினார். கெட்டுப்போன கம்பைலர், நல்ல மூலத்தைக் கொடுத்தாலும் அதில் திருட்டு வழி ஒன்றை நுழைத்துவிடும். கம்பைலரின் மூலத்தைச் சுத்தமாக எழுதி மறுபடி கம்பைல் செய்தாலும் அந்த வேலையைச் செய்வது பழைய கெட்ட கம்பைலர்தானே! அது தன் குணத்தைப் புதியதற்கும் கொடுத்துவிடும். மூலத்தை வரி வரியாகப் படித்தாலும் குற்றம் கண்ணில் படாது. ஜென்டூவை நிறுவுகிறவனும் இதற்கு விலக்கல்ல. முதலில் யாரோ செய்து முடித்த ஒரு மூட்டையை, கம்பைலரும் அதனுள் இருக்க, இறக்கிக்கொண்டுதான் தன் சுயராஜ்யத்தைத் தொடங்குகிறான். இந்தச் சங்கிலியை அடி வரைக்கும் அறுத்துப் பார்க்க முயன்றவர்கள் உண்டு. ‘கீக்ஸ்’ என்ற இன்னொரு லினக்ஸைச் சேர்ந்தவர்கள், 357 பைட் மட்டுமே உள்ள ஒரு குட்டி நிரலை விதையாக வைத்து மற்ற எல்லாவற்றையும் மூலத்திலிருந்தே முளைக்கச் செய்ததாக 2023-இல் அறிவித்தார்கள். அசாத்தியமான உழைப்பு! ஆனாலும் அந்த விதை ஊன்றப்படுவது யாரோ ஒரு தொழிற்சாலையில் செய்த சிலிக்கான் சில்லின்மேல்தான். கோக்காலின் கொல்லர்களும் இரும்பைக் கீழ்நாட்டிலிருந்துதான் பெற்றார்கள்.

ஆக, தனித்து நிற்கலாம் என்ற எண்ணம் பொய். பிறகு எதற்கு இந்தப் பாடு? அவனையே கேட்டேன். அவன் தத்துவம் ஒன்றும் பேசவில்லை. இயந்திரத்தைத் திறந்து காட்டினான்.

ஜென்டூவில் ஒவ்வொரு நிரலையும் செய்யும்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று நாமே சொல்லலாம். அச்சடிக்கும் வசதி வேண்டாம், புளூடூத் வேண்டாம் என்று விலக்கினால் அந்தப் பகுதியே உள்ளே வராது. சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடவும் முடியாது. ஒவ்வொரு ‘வேண்டாம்’ என்பதற்கும் பின்னால் ஒரு விளைவு உண்டு. அதற்கு நாமே பொறுப்பு. ஆறு மாதம் கவனிக்காமல் போட்டுவிட்டால், புதியது ஒன்றை ஏற்ற முயலும்போது பழையவை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வழிமறிக்கும். எது எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று நூல் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அமைப்புக் கோப்புகள் மாறியிருந்தால், உன் வரியை வைத்துக்கொள்கிறாயா, புதிய வரியை ஏற்கிறாயா என்று வரிக்கு வரி கேட்கும். கவாத்து செய்யாத தேயிலைச் செடி மரமாகிவிடுவதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். செய்வது ஒரு நாள் வேலை; பேணுவதுதான் வாழ்நாள் வேலை. அப்படி நூல் பிடித்துப் போகும்போதுதான் ஒவ்வொரு நிரலுக்கும் பின்னால் இருக்கும் மனிதர்கள் தெரிகிறார்கள். “இதுக்குப் பின்னால ஒரே ஒரு ஆள்தான் இருக்கார், மாமா. அவரும் நாலு வருஷமாப் பேசலை” என்று ஒரு சின்ன நூலகத்தைக் காட்டிச் சொன்னான். பெற்ற தகப்பன் உடம்புக்கு முடியாமல் இருப்பதைச் சொல்கிறவன் போல அவன் குரல் இருந்தது. எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

அது சிரிக்கிற விஷயமல்ல என்று 2024-இல் உலகத்துக்கே தெரிந்தது. கோப்புகளைச் சுருக்கி வைக்கும் ‘எக்ஸ்இஸட்’ என்ற நிரல் எண்ணற்ற லினக்ஸ் இயந்திரங்களில் இருக்கிறது. அதைச் சம்பளமில்லாமல், ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். களைத்துப் போயிருந்தார். “ஏன் இவ்வளவு தாமதம்? வேறு யாரிடமாவது கொடுத்துவிடக் கூடாதா?” என்று முகமறியாத சிலர் நச்சரித்தார்கள். அந்தச் சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒரு உதவியாளர் தோன்றினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையும் பெற்றுக்கொண்டு, 2024 பிப்ரவரி வெளியீட்டில் விஷத்தைக் கலந்துவிட்டார். பூட்டிய கதவுகளை வெளியிலிருந்து திறக்கக்கூடிய விஷம். மார்ச் 29 அன்று ஆந்த்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் அதை வெளிப்படுத்தினார். அவர் திருடனைத் தேடிப் போனவர் அல்லர். தொலைவிலிருந்து இயந்திரத்துக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவானேன் என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தலை அவர் அலட்சியம் செய்யவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அரை விநாடி உறுத்தும்?

மூலத்திலிருந்து செய்துகொள்கிறவர்கள் மார்தட்டிக்கொள்ள இதில் இடமில்லை. விஷத்தைக் கிளப்பிவிடும் வரிகள் எல்லோரும் பார்க்கும் பொது மூலத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொட்டலத்தில் மட்டும் சொருகப்பட்டிருந்தன. ஜென்டூகாரர்களில் சோதனைப் பதிப்பை விரும்புகிறவர்களும் அதே பொட்டலத்தைத்தான் பிரித்தார்கள். டெபியன், ரெட்ஹாட் வகை லினக்ஸ்களுக்காகக் கட்டும்போது மட்டும் வேலை செய்யும்படி அந்த விஷம் வைக்கப்பட்டிருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள். இரவெல்லாம் அரைத்தவன், படிக்காமலேதான் அரைத்திருக்கிறான். கோடிக்கணக்கான வரிகளை யார் படிப்பது?

எனக்கு அந்தக் கதையில் மனத்தைத் தைப்பது ஜியா டான் அல்ல. வஞ்சகர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். களைத்த மனிதனை நச்சரித்தார்களே, அதுதான். நச்சரித்தவை பொய்ப் பெயர்கள் என்றே பலரும் கருதுகிறார்கள். ஆனால் அந்தப் பொய் எடுபட்டதே, ஏன்? மெய்யான மனிதர்களும் அப்படித்தான் பேசுவார்கள் என்பதால் அது இயல்பாகத் தோன்றிற்று. இலவசமாக வாங்கிக்கொண்டு, ஏன் தாமதம் என்று அதட்டுகிறவர்கள் நாம். முன்பு கோத்தருக்குத் தானியமாவது அளந்தார்கள்.

தகப்பனாரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்போ படிக்கவும் முடியாது, நம்பவும் முடியாதுன்னா எதுக்கு சார் கரண்டைச் செலவு பண்ணணும்?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு அவருக்குத் திருப்தியான பதில் என்னிடம் இல்லை. மின்சாரக் கணக்கில் அவர் சொல்வதே சரி. ஆனால் அவர் மகன் இப்போது அரைப்பதைக் குறைத்துக்கொண்டு வேறொன்று செய்கிறான். பெரியவற்றை எல்லாம் ஆயத்தமாகவே வாங்கிக்கொள்கிறான். மிச்சமான நேரத்தில், ஆளில்லாத சின்ன நிரல்களின் செய்முறைக் குறிப்புகளைச் சரிபார்த்துத் திருத்தி அனுப்புகிறான். ஜென்டூவில் அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. முழு உறுப்பினராக இல்லாதவர்களும், ஒரு மூத்தவர் மேற்பார்வையில், ஒரு நிரலைத் தத்து எடுத்துக்கொள்ளலாம். ‘பராமரிப்பாளர் தேவை’ என்ற அடையாளத்தோடு அங்கே எத்தனையோ நிரல்கள் அநாதையாகக் கிடக்கின்றன.

அவற்றில் ஒன்று பழுதாகி, யாரும் திரும்பிப் பார்க்காமல் போனால், அதை நீக்கப் போவதாக எல்லோருக்கும் அறிவிப்பார்கள். அந்த அறிவிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘இறுதிச் சடங்கு’. வழக்கமாக 30 நாள் தவணை. அதற்குள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது ஒருவர், “இதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதிவிட்டால் போதும், அது பிழைத்துக்கொள்ளும்.