வாசலில் வைத்த பை

இனி ரசாயனமும் பிளாஸ்டிக்கும் வேண்டாம் என்று ஒரு வீடு முடிவெடுத்தால் முதலில் காலியாவது சமையலறை அலமாரி. பிளாஸ்டிக் டப்பாக்கள் இறங்கி எவர்சில்வர் சம்படங்கள் ஏறுகின்றன. நான்ஸ்டிக் தவா இருந்த இடத்துக்கு இரும்பு தோசைக்கல் வருகிறது. இறக்கியதையெல்லாம் ஒரு கட்டைப்பையில் திணித்து வாசலில் வைத்துவிட்டு, மறுநாள் காலை வேலைக்கு வரும் பெண்ணிடம் சொல்கிறார்கள்: "அக்கா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

அந்தத் தவாவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்புப் பூச்சு உரிந்து அலுமினியம் வெளிறித் தெரிகிறது. தோசைத் திருப்பியின் முனை கிழித்த கோடுகள் அங்கிருந்து விளிம்புவரை ஓடுகின்றன. இதில் வார்த்த தோசையைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் அந்த வீடு அதை ஒதுக்கியது. வேலைக்கு வருபவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் பிள்ளைக்கு ஆகாது என்று தீர்மானித்த ஒன்றை இன்னொரு பிள்ளையின் வீட்டுக்கு அனுப்புவதைக் கொடை என்று சொல்லலாமா?

கொடுப்பவர் பக்கம் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பொருள் குப்பைக்குப் போகாமல் இன்னொரு வீட்டில் புழங்குகிறது. அங்கே இருக்கும் தவா இதைவிடத் தேய்ந்ததாகக்கூட இருக்கலாம். நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும்போதுதான் சிதைந்து புகையத் தொடங்குகிறது, உதிரும் துணுக்குகள் பெரும்பாலும் வயிற்றில் கரையாமல் வெளியேறிவிடும், ஆகவே பயமே மிகை என்றும் வாதிடலாம். சரி, பயம் மிகை என்றால் தவா நம் அடுப்பிலேயே இருக்கட்டும். பயம் நியாயம் என்றால் அது எந்த அடுப்புக்கும் போகக் கூடாது. நம் வீட்டுக்கு ஒரு விஞ்ஞானம், அவர் வீட்டுக்கு ஒரு விஞ்ஞானம் என்று இருக்க முடியாது.

உண்மையைச் சொல்லிக் கொடுத்தால்? "பூச்சு போயிடுச்சு, அதனாலதான் மாத்தினோம். வேணும்னா எடுத்துக்கோங்க" என்று சொல்வது எவ்வளவோ மேல். ஆனால் மாதச் சம்பளம் தரும் கை நீட்டுவதை வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. மறுக்க முடியாத இடத்தில் இருப்பவரின் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நேர்மையாகாது. அதைவிட, தவாவை நாமே காயலான் கடையில் எடைக்குப் போடலாம். அலுமினியத்துக்கு விலை உண்டு. அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து அவருக்கும் ஒரு இரும்புக் கல் வாங்கித் தந்தால், அதைக் கொடை என்று கூசாமல் சொல்லலாம்.

மறுக்க முடிந்தபோது மக்கள் மறுத்தே இருக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடலோரத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. கிழிந்தவை, சாயம் போனவை, பித்தான் இல்லாதவை. எல்லாவற்றையும் இழந்து நின்ற மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. துணிகள் சாலையோரத்தில் குவியலாகக் கிடந்து நனைந்தன. மானம் என்பது வயிறு நிறைந்த பிறகு வருவது என்று நினைத்து அனுப்பியவர்களுக்கு அந்தக் குவியல்களே பதில். பின்னர் கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் அந்தத் துணிகளைப் பொறுக்கிப் பிரித்துப் பயனுள்ள பொருள்களாக மாற்றியது. அதை நிறுவிய அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. துணியில் குற்றமில்லை, பிரிக்கும் வேலையைத் துயரத்தில் இருப்பவர் தலையில் கட்டியதுதான் குற்றம்.

இதே வழக்கம் பெரிய அளவிலும் நடந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, 1980களில் இயந்திரங்களோடு பெயர்த்துக் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே வேண்டாமென்று ஆனது இங்கே வேலைவாய்ப்பு என்ற பெயரில் வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடப்பது தெரியவந்த பிறகு, 2001இல் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. காட்டில் கலந்ததையும் தொழிலாளர் உடம்பில் ஏறியதையும் கப்பலில் ஏற்ற முடியவில்லை.

கொடுக்கக் கூடாது என்றால் தூக்கி எறிவதா? போகியன்று கொளுத்துவதா? 2018 போகிப் புகையில் சென்னையில் விமானங்கள் தரையிறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. பெரும்பாலான பொருள்களுக்கு வீட்டிலேயே இடம் இருக்கிறது. மஞ்சள் கறை ஏறி, மூடி தளர்ந்த டப்பாவில் சூடான சாம்பார் ஊற்ற வேண்டியதில்லை. ஊசி நூல் போட்டு வைக்கலாம். அதைச் செய்யச் செலவான எண்ணெயும் மின்சாரமும் ஏற்கெனவே செலவாகிவிட்டன, எறிவதால் அவை திரும்பி வரப்போவதில்லை. புதியது எவ்வளவு பசுமையாக இருந்தாலும் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருத்திப் பை ஒன்றை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் ஒரே முறை பயன்படும் சாதாரண பிளாஸ்டிக் பையைவிடப் பூமியைச் சூடாக்குவதில் அது குறைந்ததாகும். கடைக்குக் கடை புதிய துணிப்பை வாங்கிக் குவிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. 60 வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடிக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. கெடுதல் செய்முறையில் முடிந்துவிடாமல் ஒவ்வொரு நாளும் தொடர்கிற பொருள் குண்டு பல்பு. அதைத் தீரும்வரை எரிப்பதும் தவறு, ஏழை வீட்டுக்குக் கொடுத்து கரண்ட் பில்லை அவர் பேரில் எழுதுவதும் தவறு.

குளியலறையில் பாதி மீந்திருக்கும் ஆசிட் பாட்டிலுக்கு வருவோம். "வாங்கியாச்சு, தீர்த்துடலாம்" என்பது சிக்கனமாகவும் பொறுப்பாகவும் ஒலிக்கிறது. ஆனால் பல வீடுகளில் தீர்ப்பது யார்? கதவு சாத்திய கழிவறையில், கையுறை இல்லாமல், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தேய்ப்பவர் அதே அக்காதான். ஆசிட் ஊற்றிய இடத்தில் யாராவது பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் புண்ணாக்கும். தீர்ப்பது என்று முடிவெடுத்தவர், ஜன்னலைத் திறந்து, கையுறை மாட்டி, தாமே தேய்த்துத் தீர்க்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

இன்னும் சில பொருள்கள் தீர்க்கவும் கொடுக்கவும் எறியவும் முடியாதவை. மருந்து டப்பாவின் அடியில் கிடக்கும் பழைய காய்ச்சல் வெப்பமானியில் அரை கிராமிலிருந்து ஒரு கிராம்வரை பாதரசம் இருக்கும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உடைந்த பாதரச வெப்பமானியை வீட்டு அபாயக் கழிவாக வகைப்படுத்தி, தனியே சேர்த்துக் கொடுக்கச் சொல்லின. வாங்கிக்கொள்ள ஆள் வரும்வரை அந்தப் பழைய வெப்பமானி நம் வீட்டில்தான் இருக்க வேண்டும். உடையாதபடி துணி சுற்றி, இறுக மூடும் கண்ணாடி ஜாடியில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வைக்கலாம். ஜாடியின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, "பாதரசம் உள்ளது, உடைக்காதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதலாம், என்றைக்கோ அந்தப் பரணை ஒழிக்க வரும் கைக்காக.