நூலின் இறுக்கமும் இல்லறத்தின் உறுதியும்



"டென்ஷன்" என்ற சொல் இந்நாளில் படித்தவர், படியாதவர் எல்லாருடைய வாயிலும் வழங்குகிறது. மகன் பரீட்சையில் தேறாவிட்டால் தகப்பனுக்கு டென்ஷன். தகப்பன் வீட்டுக்குள் நுழைந்தாலோ மற்ற எல்லாருக்கும் டென்ஷன். இந்தச் சொல்லைத் தினமும் வேலைக்கென்றே சொல்லுகிற தொழில் ஒன்று உண்டு. அதுதான் தையல் தொழில். திருப்பூரில் பவர் டேபிளின் முன் அமர்ந்து தைக்கிற நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். டென்ஷன் என்பது நூலின் இறுக்கம். அது இல்லாமல் ஒரு தையலும் நிற்காது. அளவு தப்பினால்தான் கேடு என்று சொல்லுவார்கள். அவர்கள் சொல்லும் அந்த அளவைக் குறித்து இன்று சற்றுத் தியானிப்போம்.

ஒற்றை நூலால் வாய் தைத்த அரிசி மூட்டையை எல்லாரும் பிரித்திருப்பீர்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் சரசரவென்று அவிழ்ந்துபோகும். மூட்டைக்கு அது வசதி. உடுத்தும் சட்டைக்கு உதவாது. 1846-ம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் எலியாஸ் ஹோ என்பவர் காப்புரிமை பெற்ற இயந்திரம் இரண்டு நூல்களைக் கொண்டு தைத்தது. ஊசியிலே ஒரு நூல், அடியில் ஒரு நூல். ஊசி இறங்கி ஏறும்போதெல்லாம் இரண்டும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். நிமிடத்திற்கு 4,000 தையலுக்கு மேல் போடக்கூடிய இன்றைய பவர் டேபிளும் இந்த முறையில்தான் தைக்கிறது.

இரண்டு நூலும் எங்கே சந்திக்க வேண்டும்? துணியின் கனத்துக்கு நடுவே, ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் சந்திக்க வேண்டும். மேல்நூல் மிஞ்சி இறுகினால் அடிநூலை மேலே இழுத்துப் புள்ளி புள்ளியாக ஊருக்குக் காட்டிவிடும். மேல்நூல் தளர்ந்தால் துணியின் அடியில் வளையம் வளையமாகத் தொங்கும். இரண்டுமே இறுகினாலோ துணி சுருங்கும்; சில வேளை மேசையின்மேல் பார்க்கத் தையல் ஒழுங்காகவே இருக்கும், உடுத்தியவன் குனிந்ததும் படீரென்று அறும்.

மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானமும் இப்படிப்பட்டதே. அப்போஸ்தலர் நடபடியில் ஆக்கிலா, பிரிசில்லா என்னும் தம்பதிகளைப் பற்றி வாசிக்கிறோம். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். அதே தொழில் தெரிந்த அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரில் அவர்கள் வீட்டில் தங்கி அவர்களோடு வேலை செய்தார். பின்னொரு நாள் அப்பொல்லோ என்னும் போதகருக்குச் சத்தியத்தை இன்னும் திருத்தமாக விளக்கியவர்களும் இவ்விருவரே. வேதாகமம் இவர்களில் ஒருவரை விட்டு மற்றவரை ஒருபோதும் சொல்வதில்லை. ஒருவரை ஒருவர் இழுத்து மேலே காட்டாமலும், ஒருவர் தளர்ந்து மற்றவர்மேல் தொங்காமலும் அவர்கள் குடும்பம் நடந்தது.

இனி, தையல்காரரின் முக்கியமான விதி ஒன்றைக் கேளுங்கள். துணியின் அடியில் வளையம் விழுந்தால், புதிதாகக் கற்கிறவன் உடனே அடியில் கையை விட்டு பாபின் பெட்டியின் திருகாணியைத் திருகுவான். கைதேர்ந்தவன் அப்படிச் செய்வதில்லை. கோளாறு தெரிவது கீழே. காரணம் பெரும்பாலும் மேலே என்று அவனுக்குத் தெரியும். நம் ஆத்தங்குடித் தரைக்கல் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கண்ணாடியின்மேல் சாயக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் இடுகிறார்கள். கல்லின் முகம் அடியில் இருக்கிறது. கை வேலை செய்வதோ மேலே. மேலே கை பிசகினால் பிறகு திருப்பிப் பார்க்கும்போது முகத்தில் தெரியும்.

பெற்றோரே, பிள்ளை பொய் சொல்லுகிறான், ஒளிக்கிறான் என்று என்னிடம் முறையிடுகிறீர்கள். அவனைத் திருகுமுன் மேல்நூலைப் பார்த்தீர்களா? உண்மை சொன்ன அன்று அவனுக்கு என்ன கிடைத்தது? தூரத்து ஊரில் விடுதியில் தங்கி வேலை செய்யும் மகள், தொலைபேசியில் "சௌக்கியம்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறாள் என்றால், அவளுக்குக் குறை ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அப்பா கோபிப்பார் என்று பயந்து அவள் அழுகையை விழுங்கியிருக்கலாம். தகப்பன்மார் பிள்ளைகளை எரிச்சலூட்டி மனம் உடையச் செய்யலாகாது என்று கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் அர்ச். சின்னப்பர் எச்சரிக்கிறார். வேலைக்காரரை வைத்திருக்கிறவர்களும் பரலோகத்தில் தங்களுக்கு ஓர் எஜமான் உண்டென்பதை மறக்கலாகாது என்று அதே நிருபத்தில் சொல்லுகிறார்.

அப்படியானால் தையல்காரன் முதலில் செய்வதென்ன? துணியை அழுத்தும் காலை மேலே தூக்குகிறான். நூலை உருவிவிட்டு மறுபடி கோக்கிறான். கால் அழுந்தியிருக்கும்போது இறுக்கத்தைத் தரும் இரு வட்டத் தட்டுகளும் மூடியிருக்கும். நூல் அவற்றின் நடுவே போய் உட்காராது. பிறகு குமிழை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. நம் ஆத்துமமும் அவ்விதமே. நாளின் பாரம் வந்து அழுத்துமுன், விடியற்காலை ஜெபத்தில் அதைச் சர்வேசுரனிடம் சரியாகக் கோத்துவிட வேண்டும். கோத்தபின் அவன் கழிவுத் துணியில் தைத்துப் பார்த்து, குமிழைச் சிறுகச் சிறுகத் திருப்புகிறான். மெல்லிய துணிக்கு ஓர் அளவு, தடித்த துணிக்கு வேறோர் அளவு. மூத்தவனுக்குச் செல்லும் கண்டிப்பு இளையவளுக்குச் செல்லாது.

ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. அளவோடு இரு என்ற புத்தி, அடிபடுகிற மனைவிக்குச் சொல்லும் "பொறுத்துக்கொள்" என்ற புத்தி அன்று. ஒரு நூலை அறும்மட்டும் இழுத்துவிட்டு, மற்ற நூலைப் பார்த்து நீ தளர்ந்துகொடு என்பது தையலும் அன்று, வேதமும் அன்று. கை ஓங்குகிற புருஷன் முதலில் தன் கையை நிறுத்தி, பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வரட்டும். அடிபடுகிறவள் தன் வீட்டாரிடமும் என்னிடமும் தயங்காமல் சொல்லட்டும். சொல்வது குடும்பத்துக்குத் துரோகமாகாது.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரியம் செய்யுங்கள். இராத்திரி ஜெபமாலை முடிந்ததும், பெரியவர்கள் பிள்ளைகளிடம், "என்னால் உனக்கு எது பாரமாயிருக்கிறது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். அன்றிரவு பதிலும் சொல்லாதீர்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் தொலைபேசியில் இதையே கேளுங்கள்.

நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது, அவருடைய தையலில்லாத அங்கியைக் கிழிக்கச் சேவகருக்கும் மனம் வரவில்லை. அவர் நம்மிடம் ஒப்புவித்திருக்கும் குடும்பங்களை நம் கைகளே கிழிக்காதபடி, நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தைக் காத்த அர்ச். சூசையப்பர் நமக்காக மன்றாடுவாராக. ஆமென்.