நஷ்டத்துக்கு ஓர் எல்லை

மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லவெல் ஓர் ஐரிஷ்காரர். நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் ஆங்கிலேயப் படையில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றுப் பெங்களூரில் குடியேறியவர். மைசூர் எல்லையை அளக்க 1802இல் வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், உரிகம், மாரிக்குப்பம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைக் கண்டு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். எழுபது ஆண்டு கழித்து அந்தக் குறிப்பு லவெலின் கண்ணில் பட்டது. 1873இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பித்தார். 1875இல் கோலார் பகுதியில் சுரங்கம் தோண்டும் உரிமை அவர் கைக்கு வந்தது. மைசூர் அப்போது ஆங்கிலேய கமிஷனரின் ஆளுகையில் இருந்த காலம். அந்நியர் ஒருவர் அந்நியர்களிடம் மனுப்போட்டு உள்ளூர் மண்ணுக்கு உரிமை பெற்றார். மண்ணை அலசிக் காட்டிய கிராமத்தாருக்கு அந்தத் தாள்களில் வேலை இல்லை.

லவெலிடம் உரிமை இருந்தது, முதல் இல்லை. சில ஆண்டுகளில் உரிமை பெரஸ்ஃபோர்டு என்ற படை அதிகாரிக்கும் அவர் நண்பர்களுக்கும் கைமாறியது. ‘கோலார் கன்செஷனேர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தக் கூட்டமும் தங்கத்தைத் தோண்டிப் பணக்காரர் ஆகவில்லை. தோண்டும் உரிமையைத் துண்டு துண்டாக லண்டன் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. 1880 வாக்கில் மைசூர் கம்பெனி, உரிகம் கம்பெனி என வரிசையாகப் பெயர்கள் லண்டன் பதிவேட்டில் ஏறின. கோலாரில் ஒரு சரியான ஷாஃப்ட் இறங்குவதற்கு முன்பே கோலார் லண்டனில் பங்குகளாக விற்பனைக்கு வந்துவிட்டது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்றால், 1862ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் கம்பெனிச் சட்டம் அவ்வளவு எளிமையானது. ஏழு பேர் ஒரு சாசனத்தில் கையெழுத்திட வேண்டும். கம்பெனியின் பெயர், நோக்கம், முதல் எவ்வளவு, பங்கு எத்தனை என்று எழுத வேண்டும். பதிவாளர் முத்திரை குத்தியதும், அதுவரை உலகில் இல்லாத ஒரு நபர் பிறந்துவிடுகிறார். அவர் கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம், நிலம் வைத்துக்கொள்ளலாம், திவாலாகலாம். அவர் திவாலானால் அந்த ஏழு பேரின் வீடு ஜப்தியாகாது. பங்குக்கு ஒரு பவுண்டு என்று ஒப்புக்கொண்டவர் அந்த ஒரு பவுண்டோடு போவார், அதற்கு மேல் எந்தக் கடன்காரனும் அவர் கதவைத் தட்ட முடியாது. பதிவு என்ற காரியத்தின் சாரம் இதுதான். லாபத்துக்கு மேல்வரம்பு கிடையாது, நஷ்டத்துக்கு உண்டு.

இந்த வசதி எவ்வளவு மயக்கும் என்பதை அதே ஆண்டுகளில் வயநாடு காட்டியது. பந்தலூர், தேவாலா பக்கம் தங்கம் குவிந்து கிடப்பதாகப் பேச்சு எழ, லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் பதிவாயின. பதிவேட்டில் இருந்த அளவுக்குப் பாறையில் தங்கம் இல்லை. சில ஆண்டுகளில் எல்லாம் சரிந்தன. பங்கு வாங்கியவர்கள் போட்ட பணத்தை இழந்தார்கள், அதற்கு மேல் இழக்கவில்லை. நிறுவியவர்கள் சிலர் அதையும் இழக்கவில்லை.

கோலாரும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1883இல் மைசூர் கம்பெனியின் முதல் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. கலைத்துவிட்டு மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை வலுத்தபோது, நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் மிச்சத்தையும் மண்ணில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே வந்து சேர்ந்த கேப்டன் பிளம்மர், உள்ளூர்க்காரர்கள் எந்தக் காலத்திலோ தோண்டி விட்டுப்போன பழைய குழிகளின் போக்கைப் பார்த்து, அங்கேயே ஆழமாக இறக்கினார். சாம்பியன் ரீஃப் எனப்பட்ட தங்கப் பாறை அகப்பட்டது. எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர்கள் கைவிட்டுப் போன குழிதான் லண்டன் கம்பெனிக்கு வழி காட்டியது.

பக்கத்து உரிகம் கம்பெனியின் கதை சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. 1885 வாக்கில் அந்தக் கம்பெனிக்குப் புது முதல் தேவைப்பட்டது. ஆனால் அதன் ஒரு பவுண்டு பங்கு சந்தையில் இரண்டரை ஷில்லிங்குக்கு விலைபோயிற்று. இருபது ஷில்லிங் கொண்டது ஒரு பவுண்டு. இந்த நிலையில் புதுப் பங்குக்கு முழு பவுண்டு கொடுக்க யார் வருவார்கள்? எனவே கம்பெனி ஓர் உபாயம் செய்தது. ஒரு பவுண்டு முன்னுரிமைப் பங்கை வெளியிட்டு, அதில் பதினைந்து ஷில்லிங் ஏற்கெனவே செலுத்தப்பட்டதாக எழுதிக்கொண்டு, ஐந்து ஷில்லிங்கை மட்டும் கையில் வாங்கியது. பணம் வந்தது, சுரங்கம் பிழைத்தது, பங்கின் விலையும் ஏறியது. பிறகுதான் ரோப்பர் என்ற பங்குதாரர், இப்படி வெளியிட்டது செல்லாது என்று வழக்குத் தொடர்ந்தார்.

1892இல், பிரிட்டனில் அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. இதில் மோசடி இல்லை, கம்பெனியின் நன்மைக்காகவே நேர்மையாகச் செய்தார்கள், நன்மையும் விளைந்தது என்பதையெல்லாம் பிரபுக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்ட பிறகும், செல்லாது என்றார்கள். ஒரு பவுண்டு என்று எழுதினால் ஒரு பவுண்டு வந்தாக வேண்டும், தள்ளுபடி கிடையாது, பங்கை வைத்திருப்பவர்கள் மீதிப் பதினைந்து ஷில்லிங்குக்கும் பொறுப்பாளிகள். காரணம் கேட்டால், அது தெளிவானது. ஓர் எல்லைக்கு மேல் நஷ்டம் தன்னைத் தொடாது என்ற பாதுகாப்பை முதலாளி சட்டத்திடமிருந்து வாங்குகிறார். அந்த எல்லை வரையாவது முழுதாகப் பொறுப்பேற்பதுதான் அவர் கொடுக்கும் விலை. விலையில் குறைத்துக்கொண்டு பாதுகாப்பை மட்டும் முழுதாக வாங்கிக்கொள்ள முடியாது. நம்முடைய 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சில விதிவிலக்குகளோடு, இதையேதான் சொல்கிறது. உலகுக்குக் கோலார் தங்கவயல் கொடுத்தவற்றுள் இந்த நியாயமும் ஒன்று.

நல்ல நியாயம். ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது? கம்பெனிக்குக் கடன் கொடுத்தவருக்காக, பதிவேட்டைப் பார்த்து நம்பியவருக்காக. வட ஆற்காட்டிலிருந்தும் தென் ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கத்திலிருந்தும் குடும்பத்தோடு நடந்து வந்து, சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறி இருட்டில் இறங்கியவர்கள் எந்தப் பதிவேட்டையும் பார்த்து வரவில்லை. பெரும்பாலோர் சொந்த ஊரில் சேரிக்கு வெளியே நிலமோ நிழலோ இல்லாத தலித்துகள். அவர்களும் கம்பெனிக்குக் கடன் கொடுத்தார்கள். உடம்பைக் கொடுத்தார்கள், மூச்சைக் கொடுத்தார்கள். ஆனால் பிரபுக்கள் சபையின் கணக்கில் கடன் கொடுத்தவன் என்றால் பணம் கொடுத்தவன்.

கம்பெனிகள் எழுத்தில் கெட்டி என்பதில் சந்தேகமில்லை. தொழிலாளிகளையும் பதிவு செய்ய விரும்பின. தங்கம் திருட்டுப் போகிறது, நீக்கப்பட்டவன் வேறு பெயரில் திரும்ப வந்துவிடுகிறான் என்பது அவர்களுடைய புகார். 1930இல் எல்லாத் தொழிலாளிகளின் கைரேகையையும் எடுக்க ஏற்பாடு நடந்தபோது தங்கவயல் முழுதும் வேலையை நிறுத்தியது. தொழிற்சங்கம் இன்னும் வேரூன்றாத காலம் அது. அப்படியும் மூன்று வாரம் ஒருவரும் இறங்கவில்லை. கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தங்களை விட அதற்கு ஒரு தனிக் கனம் உண்டு. தன்னைத் திருடனாக முன்கூட்டியே எழுதிவைப்பதை அந்த ஜனங்கள் மறுத்தார்கள். லண்டனில் ஏழு பேர் கையெழுத்திட்டால் அவர்களை நஷ்டம் அண்டாது. மாரிக்குப்பத்தில் பல்லாயிரம் பேர் ரேகை வைத்தால் அவர்களைச் சந்தேகம் அண்டும்.

அடுத்த பதிவு நுரையீரலில் நடந்தது. பாறைத் தூளைச் சுவாசித்து வரும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக ஆவணத்தில் ஏறியது கோலார் தங்கவயலில், 1947இல். பங்குகள் லண்டனில் பதிவாகி அறுபத்தேழு ஆண்டு ஆகியிருந்தது. அதற்கு முன்பு இருமிச் செத்தவர்களுக்கு என்ன நோய் என்று தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், காகிதத்துக்குத்தான் தெரியாது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் போயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரிக்கும் மேல். அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறுவதை அங்குள்ளோர் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். நஷ்டத்துக்கு எல்லை போட்டால் எல்லைக்கு அப்பாலுள்ள நஷ்டம் மறைந்துவிடுவதில்லை. எல்லை இல்லாதவன் மேல் போய் விழுகிறது.

அந்நியர்கள் போன பிறகு கணக்கு மாறியிருக்க வேண்டும். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் அவை மத்திய அரசிடம் வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் பதிவானது. அந்த ‘லிமிடெட்’ என்ற வாலை நம் அரசும் விடவில்லை. செலவு வரவை மிஞ்சியதும், நலிந்த கம்பெனி என்று முத்திரை விழுந்து, 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் வெளியே வந்திருந்தது. ஊருக்கு மிஞ்சியது தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண் மேடுகள் பதின்மூன்று, காற்றடித்தால் வீட்டுக்குள் வரும் வெள்ளைத் தூசி, பிறகு பெங்களூருக்கு வேலைக்கு ஏறிப்போக ஸ்வர்ணா ரயில். சுரங்கத்தை மூடும்போது நிலத்துக்கும் தொழிலாளிக்கும் என்ன செய்யப்போகிறோம் என்ற மூடல் திட்டத்தை முன்கூட்டியே தர வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2003இல் வந்தது. தங்கவயல் இரண்டு வருஷம் அவசரப்பட்டுவிட்டது.

இன்று ஓர் அந்நியர் இங்கே கம்பெனி தொடங்க விரும்பினால் லவெலைப் போல மாட்டுவண்டி ஏறி வரத் தேவையில்லை. பங்கை வெளியாருக்கு விற்காத மூடிய கம்பெனி, அதாவது பிரைவேட் லிமிடெட் தொடங்க, இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர் போதும். பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் அவர் நாட்டில் நோட்டரியிடமும் அப்போஸ்டில் அலுவலகத்திலும் முத்திரை பெற வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். இந்தியாவில் ஒரு பதிவு முகவரி வேண்டும். படிவம் ஆன்லைனில் மானேசரில் உள்ள மத்தியப் பதிவு மையத்துக்குப் போகும். பங்குக்கான பணம் வந்து பங்கு ஒதுக்கியபின் முப்பது நாளில் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாயாவது முதல் வேண்டும் என்ற பழைய விதி 2015இல் போய்விட்டது. தங்கச் சுரங்கத் தொழிலிலேயே நூறு சதவீத அந்நிய முதலீட்டுக்கு முன் அனுமதி தேவையில்லை. நம்மோடு எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வருவோருக்கு மட்டும் 2020 முதல் அனுமதி கட்டாயம்.

இத்தனை விதிகளுக்கு நடுவே என் கவனத்தை இழுப்பது ஒன்றுதான். இயக்குநர்களில் ஒருவராவது அந்த நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். கம்பெனி எங்கே இருக்கிறதோ அங்கே கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டத்துக்கு எப்படியோ வந்திருக்கிறது. தங்கவயலிலிருந்து கற்ற பாடம் என்று சொல்ல எனக்கு ஆசை, ஆனால் அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. இந்தியாவில் தங்கினால் போதும் என்கிறது சட்டம். பெங்களூர் லவெல் ரோட்டில் தங்கினாலும் கணக்கில் சேரும்.

அந்நியர் வந்து தொழில் தொடங்குவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. முதலும் தொழில்நுட்பமும் துணிச்சலும் வெளியிலிருந்து வராமல் எந்த ஊரும் பெரிதானதில்லை. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் கம்பி இழுத்து, பெங்களூருக்கு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்ததும் அந்தத் தொழில்நுட்பத்தின் துணையால்தான். வந்தவரை வரவேற்கச் சட்டம் படித்துக்கொண்ட அளவுக்கு, இருந்தவரை மதிக்கப் படித்துக்கொண்டதா என்பதே கேள்வி.

சுரங்கம் மூடியபின் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, நாங்களே எடுத்து நடத்துகிறோம் என்றார்கள். அது வெறும் ஆதங்கம் என்று தள்ளிவிட முடியாது. இந்த ஜனங்களுக்கு நிறுவத் தெரியும். நூறாண்டுக்கு முன்பே மாரிக்குப்பத்தில் தலித் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் வழியில் சாக்கிய பௌத்த சங்கம் நடத்தியவர்கள், சித்தார்த்தா புத்தகசாலை என்று பதிப்பகம் வைத்து அவர் நூல்களை அச்சிட்டவர்கள் அவர்களின் தாத்தாக்கள். 2006இல் மத்திய அரசு முடிவெடுத்தது: உலகளாவிய டெண்டர் விடுவோம், முன்னாள் தொழிலாளர் சங்கத்துக்கு முதல் மறுப்புரிமை தருவோம். பெருந்தன்மையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் பொருள், உலகத்தில் அதிகம் கேட்பவர் என்ன விலை சொல்கிறாரோ அதே விலையைக் கொடுத்தால் சுரங்கம் உங்களுக்கு என்பதுதான். வேலை போனவன் உலகப் பணக்காரனோடு சமமாக ஏலம் கேட்கலாம். 2013இல் உச்ச நீதிமன்றமும் டெண்டருக்கு வழிவிட்டது. சுரங்கம் இன்னும் திறக்கவில்லை. 2024இல் கர்நாடக அமைச்சரவை, அந்தப் பதின்மூன்று மண் மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்க ஒப்புதல் கொடுத்தது.

அந்த வேலைக்கும் ஒரு கம்பெனி வரும், உள்நாட்டுடையதோ வெளிநாட்டுடையதோ. அதன் சாசனத்தில் நிறுவனரின் பொறுப்பு எதுவரை என்று ஒரு பத்தி இருக்கும். 1892இன் நியாயத்தை நேர்மையாக நீட்டினால், அதற்குக் கீழே இன்னொரு பத்தி வேண்டும்: இந்த எல்லையைத் தாண்டி வரும் நஷ்டம் யாருடையது, அவர் அதற்கு ஒப்புக்கொண்டாரா? தங்கவயலில் அந்தப் பத்தி இல்லாததால் நஷ்டம் அங்கே குடியிருந்தவர்களுடையதாயிற்று. ஒப்புதல் கேட்காமலேயே ஆயிற்று. தூசியைச் சுவாசிக்கப்போகிறவர்களுக்கு அந்தக் கம்பெனியில் பங்கும் இயக்குநர் இடமும் ஒதுக்கும் ஒரு விதி எழுதுவது, 182 நாள் கணக்குப் பார்க்கும் சட்டத்துக்குக் கடினமான வேலை அல்ல. மேடுகளில் கைவைக்கும் முன்பே அதை எழுத வேண்டும்.