உடன் நடத்தல்

மழை ஓய்ந்து வானம் தெளியும் புரட்டாசித் திங்களில், தில்லிவாழ் தமிழ்க் குடும்பங்கள் சில ஒன்றுகூடி இமயத்தின் முன்மலைகளை நாடிச் செல்வதுண்டு. ஒரே பகலில் ஏறி இறங்கத்தக்கது முசூரிக்கு அப்பாலுள்ள நாக் திப்பா. உயரம் 3,022 மீட்டர். பந்த்வாரி என்னும் சிற்றூரிலிருந்து செல்லும் வழி ஓக் மரங்களும் தேவதாருக்களும் அடர்ந்த காட்டினூடே ஏறுகிறது. இலையுதிர்காலம் என்ற பெயரை நம்பிச் செல்வோர் ஏமாறுவர். இம்மரங்கள் இப்பருவத்தில் மொட்டையாகி நிற்பவை அல்ல. கழுவிவிட்டாற் போன்ற வானில் பந்தர்பூஞ்ச் பனிமுடியைக் காண்பதே இப்பருவத்தின் பேறு.

இத்தகைய பயணத்தில் குழுவின் நடை எவருடைய நடையாக இருத்தல் வேண்டும்? சிறிய வினாவாகத் தோன்றினும் இதனுள் அறம் பொதிந்துள்ளது.

முதல் ஒரு மணி நேரத்திலேயே குழு இரண்டாகிவிடுகிறது. முன்சென்ற இளையோர் ஒரு பாறைமேல் அமர்ந்து காத்திருப்பர். அதனைப் பரிவு என்றே நாம் கருதுகிறோம். நிகழ்வது யாது? பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்த அக்கணமே, இளைப்பாறி முடித்தவர்கள் "வந்துவிட்டீர்களா, புறப்படலாம்" என்று எழுந்துவிடுகின்றனர். ஓய்வு வேண்டியவருக்கு ஓய்வே இல்லை; வேண்டாதவருக்கோ வழிநெடுகிலும் ஓய்வு!

3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடே. ஆகவே தளர்ச்சி மனவுறுதியின் குறையன்று. மலைவழி அறிந்தோர் மெல்ல நடப்பவரை முன்னே நிறுத்தி, வழி தெரிந்த ஒருவரைக் கடைசியில் வரச்செய்வர். வரிசை மாறியதும் காத்திருப்பதற்கே இடமில்லாது போகிறது.

இளையோரின் வேட்கைக்கு மதிப்பில்லையா எனலாம். உண்டு. உச்சி காணாது திரும்பினால் "என்னால்தானே" என்னும் சுமையும் தளர்ந்தவர்மேல் விழும். திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே, எவரும் களைப்புறுமுன், முடிவு செய்துவிடுவது நன்று. செப்டம்பர் இறுதியில் பகல் இரவினும் குறுகிவிடும். காட்டினுள் இருளும் விரைந்து கவியும். குறித்த மணியில் திரும்பினால் எவர்மேலும் பழியில்லை.

தமிழில் கேட்பவரை உள்ளடக்குவது 'நாம்'; விலக்குவது 'நாங்கள்'. இந்தியின் 'ஹம்' இரண்டுக்கும் ஒன்றே. இங்கு வளரும் நம் பிள்ளைகள் இவ்வேறுபாட்டில் தடுமாறுவது இயல்பே. ஆயினும், உச்சிக்குச் சற்றுக் கீழேயுள்ள நாகதேவதைக் கோயிலருகே தங்கிவிட்ட பெரியப்பாவிடம் ஓடிவந்து, "நாங்கள் மேலே போய்விட்டோம்" என்று கூறும் சிறுவன் இலக்கணப் பிழை செய்யவில்லை. அவர் முகம் ஒரு கணம் வாடுவதும் அதனாலேயே.

பெரியப்பாவே "நீங்கள் போய் வாருங்கள்" என்று கூறியிருந்தால்? அது விருப்பமா, பிறர்க்குச் சுமையாகிறோமே என்னும் நாணமா? காலையில் அடிவாரத்தில் கூறியதாயின் அப்படியே ஏற்கலாம். மூச்சிரைக்கும் வேளையில் கூறினாராயின், அருகே அமர்ந்து, நீர் அருந்தச் செய்து, மூச்சு சீரானபின் மீண்டும் ஒருமுறை கேட்டல் வேண்டும்.