சூடும் சுமையும்

"எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதானே" என்ற பேச்சை, மாதவிலக்கு நிற்கும் வயதில் இருக்கும் பெண்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்ட பெண் மேற்கொண்டு எதுவும் சொல்வதில்லை. எல்லாருக்கும் வருவதை எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள், நீயும் பொறுத்துக்கொள் என்பதே அதன் பொருளாக அவள் மனத்தில் பதிந்துவிடுகிறது.

எனக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் நடந்தன. அதற்கு முன்பே தள்ளித் தள்ளி வந்துகொண்டிருந்த மாதவிலக்கு அந்தச் சமயத்தில் அடியோடு நின்றது. நோய் திரும்பாமல் தடுக்கும் டமோக்சிஃபென் மாத்திரை தொடங்கியதும் சூடு வந்தது. நெஞ்சில் கிளம்பி, கழுத்தைப் பிடித்து, முகத்தில் ஏறி, உச்சந்தலை வியர்த்து வழியும். சில நிமிடங்களில் வடிந்துவிடும், பிறகு நடுக்கம் எடுக்கும். இரவில் தலையணை நனைந்து விழித்தால் மறுபடி தூக்கம் பிடிக்காது.

ஹார்மோன் மாத்திரை எனக்கு ஆகாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த 'ஹேபிட்ஸ்' என்னும் ஆய்வு, சுவீடனில் தொடங்கி 2003 இறுதியில் பாதியில் நிறுத்தப்பட்டது. ஹார்மோன் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்கள் ஆகியோருக்கும் டாக்டர்கள் பொதுவாக இதே பதிலைத்தான் சொல்கிறார்கள். 60 வயதுக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்ணின் கதை வேறு. தொல்லை மிகுந்தால் அவளுக்கு ஹார்மோன் நல்ல மருந்துதான். அவள் வீணாகப் பயப்பட வேண்டியதில்லை. நான் பேசுவது 'ஆகாது' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி. அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்கு வந்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நம்மில் பலர்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் சூடு மனப்பிரமை இல்லை. உடம்பின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்ளும் பகுதி மூளையில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அங்குள்ள சில நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் துடிக்கத் தொடங்குகின்றன. உடம்பு கொஞ்சம் சூடானாலே, கொதிக்கிறது என்று எண்ணி மூளை வியர்வையைக் கொட்ட வைக்கிறது. நான் வாழும் பினாங்கோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகையில் இருக்கும் தீவு. இங்கே இரவிலும் காற்றில் ஈரம் குறையாது. வியர்த்த வியர்வை உலர்வதற்கு வழியில்லை. 'ஜன்னலைத் திறந்து வையுங்கள், மேலே போட்டிருப்பதைக் கழற்றுங்கள்' என்று குளிர்நாட்டில் எழுதப்பட்ட அறிவுரை ஜார்ஜ்டவுன் பிளாட்டில் எத்தனை தூரம் உதவும்? காற்றாடி ஏற்கெனவே ஐந்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இது சில மாதங்களில் தீர்ந்துவிடும் என்று சொல்வதும் சரியல்ல. அமெரிக்காவில் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' ஆய்வில், அடிக்கடி சூடு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. அத்தனை ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்வது நியாயமா?

ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. வென்லாஃபாக்சின் மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்து. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களையும் சேர்த்து நடந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. 75 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குச் சூட்டின் தொல்லை 61 விழுக்காடு குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 27 விழுக்காடுதான். கபாபென்டின் இரவில் வியர்த்து விழிப்பவர்களுக்குக் கைகொடுக்கும். பெராக்செடினும் சூட்டைக் குறைக்கும். ஆனால் அது டமோக்சிஃபென் உடம்பில் வேலை செய்வதைத் தடுக்கக்கூடியது என்பதால், என்னைப் போன்றவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். துடிக்கும் அந்த நரம்பணுக்களையே அடக்கும் ஃபெசோலினெட்டன்ட் 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரலைக் கவனிக்க வேண்டும் என்ற கடும் எச்சரிக்கை அடுத்த ஆண்டே அதனோடு சேர்ந்தது. இவற்றில் எது யாருக்கு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சூடு தாங்காமல் டமோக்சிஃபெனைத் தாமாக நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. அதற்கு முன் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் வீடுகளில் 'மன அழுத்த மாத்திரை' என்றாலே முகம் மாறுகிறது. "உனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்பார்கள். அதே வீட்டில் சீன மருந்துக்கடை டாங் குவாய் வேரையும் பொட்டலம் கட்டிய ஜாமு மூலிகை மருந்தையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. டாங் குவாய் சூட்டைத் தணிப்பதாக ஆய்வில் தெரியவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அது ஆபத்து. மலேசியாவில் மருந்துகளுக்குத் தரப்படும், எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. ஆனால் பாரம்பரிய மருந்துக்கு அந்த எண் தருவது பாதுகாப்புக்கும் தரத்துக்குமான உறுதியைத்தான். நோய் தீரும் என்ற உறுதியை அல்ல.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மாத்திரை இல்லாத ஒரு சிகிச்சை. லண்டனில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 96 பெண்களைக் கொண்டு 'மெனோஸ் 1' என்ற ஆய்வு நடந்து 2012இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினர் வாரத்துக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம் கூடி உட்கார்ந்து, சூடு வரும்போது மனத்தில் ஓடும் எண்ணங்களைப் பேசி, அவற்றை மாற்றிப் பார்க்கவும் உடம்பைத் தளர்த்தவும் பயின்றார்கள். ஆறு வாரம். சூடு வரும் தடவைகள் பெரிதாகக் குறையவில்லை. அது தந்த தொல்லையோ நன்றாகக் குறைந்தது. மாதங்கள் கழித்தும் அந்தப் பலன் நின்றது.

இதைப் படித்தபின் என்னையே கவனித்தேன். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் கூட்டத்துக்கு நடுவே முகம் சிவந்து வழிந்தபோது என்னை வாட்டியது எது? சூடு பாதி. 'எல்லாரும் பார்க்கிறார்கள், நோய் திரும்பிவிட்டதோ என்று நினைப்பார்கள்' என்ற கூச்சமும் பயமும் மீதிப் பாதி. முதல் பாதி என் மூளையின் வேலை. இரண்டாவது பாதி, இதைப் பேசக்கூடாது என்று எனக்குச் சிறுவயதிலிருந்தே கற்றுக்கொடுக்கப்பட்டதில் விளைந்தது. என் அம்மாவுக்கும் இந்தச் சூடு வந்திருக்கும். நடுராத்திரியில் எழுந்து பின்வாசலில் உட்கார்ந்திருப்பார். "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல, புழுக்கம்" என்பார்.

நான் என் வீட்டில் சொல்லிவிட்டேன். கணவரிடம், மகளிடம், வேலையிடத்தில் இரண்டு பேரிடம். சொன்னதால் சூடு குறையவில்லை. ஆனால் அது வரும்போது மறைக்கிற வேலை இல்லாமல் போனது. அந்த வேலை எத்தனை பெரிய சுமை என்பது இறக்கி வைத்தபின்தான் தெரிந்தது. இரவில் கணவர் "காற்றாடியைத் திருப்பவா?" என்று கேட்கிறார். முன்பு, என்ன கோபமோ என்று எண்ணித் திரும்பிப் படுப்பார்.

உடற்பயிற்சி சூட்டைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனாலும் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறுகிறேன். மாதவிலக்கு நின்றபின் எலும்பு வேகமாகத் தேய்கிறது. உடல் எடையைத் தாங்கி நடப்பதும் ஏறுவதும் எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது. உடலுறவில் வலியும் வறட்சியும் இருப்பதைச் சொல்ல நாம் இன்னும் அதிகம் கூசுகிறோம். அதற்கும் ஹார்மோன் கலக்காத ஈரப்பசைக் களிம்புகள் மருந்தகங்களில் கிடைக்கின்றன. கேட்டு வாங்க வேண்டியதுதான்.

பொறுமை நல்ல குணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. செய்யக்கூடியதை எல்லாம் செய்தபின் மிஞ்சுவதைத் தாங்கிக்கொள்வதுதான் பொறுமை. செய்யக்கூடியது இருக்கிறது என்றே சொல்லாமல் ஒரு பெண்ணைத் தாங்கிக்கொள்ளச் சொல்வதற்கு அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருது?" என்பதோடு, "அது உங்களை எவ்வளவு வாட்டுது?" என்றும் டாக்டர்கள் கேட்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களும் கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் நாமே தொடங்கலாம். 'ஹார்மோன் உங்களுக்கு ஆகாது' என்று சொல்லும் டாக்டரிடம், நாற்காலியை விட்டு எழுவதற்கு முன், "அப்படியானால் எனக்கு எது ஆகும், டாக்டர்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை உட்கார்ந்திருக்க நமக்கு உரிமை இருக்கிறது.