போலச்செய்தலும் பொறுப்பும்

வேட்டைக்குப் புறப்படுமுன் வேட்டையை ஆடிப் பார்த்தான் ஆதி மனிதன். விலங்கின் நடையையும் ஈட்டியின் வீச்சையும் கூத்தாக நிகழ்த்தியபோது அவன் கற்றான், அச்சம் நீங்கினான், கூடி உழைக்கப் பழகினான். போலச்செய்தல் மனிதக் கல்வியின் மூத்த வடிவங்களுள் ஒன்று. இன்று கணினித் திரையில் விமானம் செலுத்தப் பழகுபவனும், நோயாளியைத் தொடுமுன் திரையிலே சிகிச்சை செய்து பார்க்கும் மருத்துவ மாணவியும் அம்மரபின் வாரிசுகளே. இக்கல்வியின் பெரும்பேறு, அங்கே பிழைக்குத் தண்டனை இல்லை என்பதாகும். வீழ்ந்த விமானம் மறுகணமே ஓடுபாதையில் வந்து நிற்கும்.

ஆயின், பிழைக்கு விலை கொடுக்காத கல்வி பிழையின் விலையை உணர்த்துமா? இவ்வினாவைக் கல்முனைக் கரையில் நின்று கேட்பது பொருத்தமாகும்.

2004 டிசெம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. கடற்கோள் எங்கள் கரையை அடைய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. அந்த அவகாசத்தில் ஒரு சொல் சொல்ல இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் சிதைந்தன. இலங்கையில் மிகக் கூடிய உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே.

அறியாமையே அன்று கொன்றது. எனவே அறிவுக் கருவியைப் பழிப்பவன் மக்களின் நண்பனாகான். 4000 மீற்றர் ஆழக் கடலில் அலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்தில் விரையும். ஆழம் குறையக் குறைய வேகம் தளர்ந்து உயரம் பெருகும். இவ்விதியைக் கடலடி வரைபடத்தோடு இணைத்து, நேரக்கூடிய நடுக்கங்கள் பலவற்றை எச்சரிக்கை நிலையங்கள் கணினியில் முன்கூட்டியே நிகழ்த்தி வைத்துள்ளன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை வந்தது; மக்கள் கரையை விட்டு நீங்கினர். பேரலை வரவில்லை, ஆயினும் அந்த நடை வீணன்று.

எனினும், நீரின் சமன்பாடு ஆண், பெண் பேதம் அறியாது, சாவு அறிந்திருந்தது. அம்பாறையில் ஆடவரைவிடப் பெண்கள் கூடுதலாக மடிந்தனர். சிறுவரும் முதியோரும் அவ்வாறே. கைக்குழந்தையோடு எவ்வளவு தூரம் ஓடலாம், நடக்கவியலாத மூதாட்டியை யார் தூக்குவது என்பன அலையின் கணக்கில் இல்லை. 2005இல் வடக்கு கிழக்குக் கரைக்கு 200 மீற்றர் தடைவலயம் வரையப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. படத்தில் அது ஒரு கோடு. வீட்டோடு வீடு நெருங்கிய எங்கள் ஊர்களில், கடலருகே வாழ்ந்தாலன்றித் தொழில் செய்யவியலாத கரைவலைத் தொழிலாளிக்கோ அது வாழ்வின் வினா. அக்கோடு பின்னர் தளர்த்தப்பட்டது.

ஆகவே வினா கருவி பற்றியதன்று. கருவிக்குள் யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம் என்பது பற்றியது. நிலநடுக்கத்தின் வாயிலிலேயே கிடந்த சிமெலு தீவில் 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவைக் கதையாகவும் தாலாட்டாகவும் மக்கள் காத்துவந்தனர். நிலம் நடுங்கியதும் மேட்டுக்கு ஓடினர். 2004இல் அங்கு இறந்தோர் மிகச் சிலரே. அதுவும் போலச்செய்தலே. ஆனால் அதனைச் செய்தவர்களும், அதற்காக ஓட வேண்டியவர்களும் ஒருவரே. அதனாலேயே அதில் பொறுப்பு இருந்தது.

நமது மாணவர் திரையில் ஒரு நகரை நூறுமுறை மூழ்கடிக்கலாம், நூறுமுறையும் மீட்கலாம். அது விளையாட்டாக முடியாதிருக்க வேண்டுமாயின், திரையை அணைத்த பின் அவர்கள் கடற்கரை வீதியிலிருந்து மேற்கே வயல்வெளி வரை நடக்க வேண்டும். எந்த ஒழுங்கை மதிலில் முடிகின்றது, எந்த வீட்டில் நடக்கவியலாதவர் இருக்கின்றார் என்று தாய்மாரிடமும் மீனவரிடமும் கேட்டெழுத வேண்டும். அந்த விடைகள் மீண்டும் கணினிக்குள் செல்லட்டும். மக்களுக்காகக் கணக்கிடும் அறிவு, மக்களோடு கணக்கிடும் அறிவாக மாறும்போதே அது கல்வியாகின்றது.