விளையாட்டு வேடமும் வாய்மையும்

பொய் பேசுதலை வெறுக்கும் ஒருவர், தமக்குரியதல்லாத பெயரொன்றைச் சூடிக்கொள்கிறார். இல்லாத வாளொன்றை ஏந்துகிறார். எங்குமில்லாத கோட்டையொன்றின் வாயிலில் தம் மனைவியோடு நின்று பகைவரை எதிர்க்கிறார். சனிக்கிழமை காலை தொடங்கிய இப்போர் ஞாயிறு மாலைவரை நீடிக்கிறது. இடையே தேநீரும் சிரிப்பும் சிறு உறக்கமும் உண்டு. இவ்விருவரும் இரண்டு நாள்களை வீணடித்தனரா? தாமல்லாத ஒருவராகத் தம்மைக் காட்டிக்கொண்டமையால் வாய்மையிலிருந்து வழுவினரா? அன்றி, ஓய்வு எனத்தக்க ஒன்றையே பெற்றனரா? சிறு விடயம் போலத் தோன்றினும், மனிதன் தன் இல்லத்தில் எவராக இருக்கிறான் என்ற பெருவினா இதனுள் அடங்கியுள்ளது.

இங்குக் கருதப்படும் ஆட்டத்தின் இயல்பை முதலில் அறிதல் நன்று. 1974ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் காரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்பதே பாத்திரமேற்று ஆடும் இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியாகும். ஒருவர் கதைசொல்லியாக அமர்ந்து இடத்தையும் இடரையும் விவரிப்பார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, அப்பாத்திரம் அவ்விடத்தில் யாது செய்யும் என்பதைத் தம் வாயாற் கூறுவர். செயல் கைகூடிற்றா இல்லையா என்பதை இருபது முகங்கொண்ட பகடை முடிவுசெய்யும். சதுரங்கத்திற்போல ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பது இதில் இல்லை. கூடிக் கதையொன்றை வாழ்ந்து பார்ப்பதே நோக்கம். பின்னர் இது கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் பரவிற்று. ஆதலின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோர ஊர்களில் வாழும் இளந்தலைமுறைக்கும் இது அந்நியமான செய்தியன்று. பெரியோர் இதனை முகஞ்சுளித்து நோக்குவதும் புதிதன்று. 1980களில் அமெரிக்கப் பெற்றோரும் சமயக் குழுக்களும் இவ்விளையாட்டு இளைஞரின் உள்ளத்தைக் கெடுக்குமென அஞ்சிப் பெரும் ஆரவாரம் செய்தமை யாவரும் அறிந்ததே.

எழுப்பப்படும் குற்றச்சாட்டுகள் இரண்டு: ஒன்று வீண் என்பது, மற்றது பொய் என்பது.

முதலாவது எளிதில் தீர்க்கத்தக்கது. வார விடுமுறை என்பதே இயற்கை வகுத்த ஒன்றன்று. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயாவை ஒட்டியே வாராந்த விடுமுறை அமைந்திருந்தது. எந்நாளில் ஓய்வது என்பதை மனிதரே வகுக்கின்றனர். ஆயின் எதற்காக ஓய்வது? இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், மனைவியோடு அமர்ந்து உரையாடியும் விளையாடியும் உள்ளம் இளைப்பாறுதலைத் திருமணத்தின் பயன்களுள் ஒன்றாகக் கொள்கிறார். இளைப்பாறிய உள்ளம் வணக்கத்துக்கு வலிமை பெறும் என்பது அவர் தரும் காரணம். காரணம் மறுக்கற்பாலதன்று, எனினும் அது முழுமையானதுமன்று. உழைப்புக்காகவே ஓய்வு எனின், மனிதன் பட்டை தீட்டி வைக்கப்படும் கத்தியாகிவிடுகிறான். ஆலை முதலாளியும் அவ்வளவே கூறுவான்.

இதனினும் ஆழமான செய்தியொன்று ஹதீஸிலே காணப்படுகிறது. மதீனாவின் பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் ஆயிஷா (ரழி) அவர்களை மறைத்து நின்று அதனைக் காணச் செய்தார்கள். ஆயிஷா அவர்கள் தாமே சலிப்புறும்வரை அவ்வாறு நின்றார்கள். இங்கே நேரத்தை அளந்தது கடிகையுமன்று, அடுத்து ஆற்றவேண்டிய கடமையுமன்று. அருகில் நின்றவரின் மகிழ்ச்சியே அளவுகோலாயிற்று. இதை எவரும் வீண் என்று கூறத் துணியார்.

இரண்டாவது குற்றச்சாட்டே கடினமானது. தானல்லாத ஒருவராக நடித்தல் பொய்யன்றோ?

நபித்தோழர் ஹன்ழலா (ரழி) அவர்களை வருத்திய வினாவும் ஏறத்தாழ இதுவே. நபிகளாரின் அவையில் இருக்கும்போது மறுமையைக் கண்முன் காண்பது போன்ற நிலை. வீடு திரும்பி மனைவி மக்களோடு கலந்துவிட்டால் அந்நிலை அகன்று விடுகிறது. இரு இடத்தில் இரு மனிதராக இருத்தல் முனாபிக்கின் இயல்பன்றோ என அவர் அஞ்சினார். அபூபக்கர் (ரழி) அவர்களும் தமக்கும் அவ்வாறே நேர்வதாகக் கூறினார்கள். இருவரும் சென்று வினவியபோது கிடைத்த விடை, ஒவ்வொன்றுக்கும் உரிய நேரம் உண்டு என்னும் கருத்தை உடையது. ஒரே நிலையில் எப்போதும் இருப்பவர்களாயின் மலக்குகளே தெருவில் வந்து கைகுலுக்குவர் என்றும் கூறப்பட்டது. மனிதர் மலக்குகள் அல்லர் என்பதே அதன் உட்பொருள். நிலைமாற்றம் நயவஞ்சகமன்று என்பது இங்குத் தெளிவாகிறது. நயவஞ்சகன் எனப்படுவோன் தன் மாற்றத்தை மறைப்பவன். ஹன்ழலாவோ அதைத் தெருவில் உரத்துக் கூறிக்கொண்டு வந்தவர்.

மறைத்தல் என்பதே இவ்வினாவின் மையம். ஆயிஷா அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளிடையே சிறகு பொருத்திய குதிரையொன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என நபிகளார் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைக் கேள்விப்படவில்லையா என அவர் திருப்பிக் கேட்டார். நபிகளார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். சிறகில்லாக் குதிரைக்குச் சிறகு பொருத்தியதை எவரும் பொய்யெனக் கண்டிக்கவில்லை. கேட்டவருக்கும் சொன்னவருக்கும் அது விளையாட்டென்பது தெரியும். ஏமாந்தவர் அங்கு எவருமிலர். வாய்மைக்கு வள்ளுவர் வகுத்த இலக்கணமும் சொல்லின் தீங்கின்மையை நோக்கியதே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

தமிழ் மரபை நோக்குமிடத்து, கணவன் மனைவியரிடையே வேடம் புனைதல் குற்றமாகக் கருதப்படாததோடு, இல்வாழ்வின் சுவையாகவே போற்றப்பட்டமை புலனாகும். ஊடல் என்பது யாது? முழுச் சினமுமன்று, வெறும் நடிப்புமன்று. தலைவி சினந்தவளாகிறாள், தலைவன் குற்றம் புரிந்தவனாகி இரக்கிறான், இருவரும் தத்தம் பங்கை நன்கறிவர். திருக்குறள் ஊடலுவகை என்னும் அதிகாரத்தோடு நிறைவுறுகிறது. அறத்தையும் அரசையும் விரித்துரைத்த நூல், ஒரு தம்பதியரின் விளையாட்டுச் சினத்தில் வந்து நிற்பது தற்செயலாகாது. அதே காமத்துப்பாலில், புலவி உப்பைப் போல அளவோடு இருத்தல் வேண்டுமென்றும் சிறிது மிகினும் கெடுமென்றும் எச்சரிக்கை உண்டு. அளவு தவறினால் வேடம் மெய்யாகிவிடும், மெய்ச்சினமோ விளையாட்டன்று.

அகத்திணை மாந்தருக்கு இயற்பெயர் சுட்டலாகாது எனத் தொல்காப்பியம் விதித்ததையும் இவ்வகையில் நோக்கலாம். தலைவன், தலைவி, தோழி என்பன எவரும் புகுந்து பேசக்கூடிய வெற்றுப் பாத்திரங்கள். கிழக்குக் கரையோர முஸ்லிம்களின் நாட்டார் கவியிலும் இதே நெறியைக் காணலாம். வயற்காவலிலும் அறுவடையிலும் வழங்கிய அக்கவிகளில் மச்சானும் மச்சியும் மாறிமாறிப் பேசுவர். இரவில் காவற்பரணில் தனித்திருந்த ஒருவன் மச்சியின் கூற்றையும் தானே பாடும்போது, தன் குரலால் மற்றொருவரின் ஏக்கத்தை எண்ணிப் பார்க்கிறான். பாத்திரமேற்றலின் அறப்பயன் இதுவே எனின் மிகையாகாது. தன்னைவிட்டு வெளியே செல்லாதவனால் அருகிலிருப்பவரை அறிதல் அரிது.

கல்முனையை அடுத்துள்ள பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் ஆலய உற்சவத்தின்போது ஊரவர் பாண்டவராகவும் திரௌபதையாகவும் கோலம் பூண்டு வனவாசம் செல்வர். இறுதியில் தீ மிதிப்பர். அது வழிபாடு, விளையாட்டோடு ஒப்பிடுதல் பொருந்தாது எனச் சிலர் கூறலாம். வேறுபாடு உண்டென்பது உண்மையே. ஆயினும் 1938இல் வெளியான தமது நூலில் டச்சு அறிஞர் ஹொய்சிங்கா, விளையாட்டும் சடங்கும் அன்றாட வாழ்விலிருந்து எல்லை வகுத்துப் பிரிக்கப்பட்ட களத்திலேயே நிகழ்வன எனக் காட்டியமை இங்குப் பொருந்துகிறது. மட்டக்களப்புப் பிரதேசத் தமிழூர்களில் முன்னர் பரவலாக நிகழ்ந்த கொம்புமுறி இதனினும் நெருங்கிய சான்றாகும். ஊர் இரண்டு சேரிகளாகப் பிரிந்து, ஒன்று கோவலன் பக்கமும் மற்றது கண்ணகி பக்கமுமாக நின்று, கொளுவிய கொம்புகளை இழுக்கும். பூக்கொய்யச் சென்ற அத்தம்பதியரின் கொக்கத்தடிகள் சிக்கிக்கொள்ள, இருவரும் விளையாட்டாக இழுத்ததில் கண்ணகி வென்றாள் என்பதே அதற்குக் கூறப்படும் கதை. ஒரு கணவனும் மனைவியும் ஓய்வுப்பொழுதில் ஆடிய ஆட்டம், ஓர் ஊரே வேடமேற்று ஆடும் விழாவாயிற்று. மதுரைக்குச் செல்லுமுன் அவ்விருவரும் சிரித்திருந்த ஒரு பொழுதை மக்கள் நினைவில் வைத்திருக்க விரும்பினர் போலும்.

இதற்கு மாறாகப் பிளேட்டோவின் தடையை ஒதுக்கிவிடலாகாது. நடிப்பது பழக்கமாகும், பழக்கம் இயல்பாகும் என்பது அவர் அச்சம். ஆதலின் தம் குடியரசின் காவலர் இழிந்தோரைப் போல நடித்தலாகாது என்றார். இவ்வச்சத்தில் உண்மையுண்டு. கொடுமையை மட்டுமே திரும்பத் திரும்ப ஆடுவோனின் உள்ளம் மரத்துப்போதல் கூடும். ஆயினும், எல்லை வகுத்து ஆடும் வேடத்தைவிட, வேடமென்றே உணராமல் அணியும் வேடமன்றோ மனிதரை மிகுதியும் உருமாற்றுகிறது? 1943இல் வெளியான சார்த்தரின் நூலில் வரும் உணவுச்சாலைப் பணியாளன் பணியாளனாகவே நடித்து நடித்துத் தன்னைத் தொலைத்தவன். கிழக்குக் கரையோரத்தில் பெண்ணுக்கு வீடு சீதனமாக வழங்கப்பட்டு, மணமகன் அங்குச் சென்று வாழ்தல் வழக்கம். மனைவி வீட்டில் அவன் நெடுங்காலம் 'மாப்பிள்ளை'. உரத்துச் சிரித்தலும் அடுப்படிக்குச் செல்லுதலும் அப்பாத்திரத்துக்கு அழகல்ல எனக் கருதப்படும். அவளும் தன் தாய்வீட்டிலேயே மகளாகவும் மனைவியாகவும் ஒருங்கே நடந்துகொள்ள வேண்டியவள். இப்பாத்திரங்களை எழுதியவர் இன்னார் எனக் கூறவியலாது; பகடையும் இல்லை; வேண்டாமென்று எழுந்துசெல்லவும் இயலாது. கோட்டை வாயிலில் வாளேந்தி நிற்கும் அந்த இரண்டு நாள்களிலேயே அவ்விருவரும் மாப்பிள்ளை வேடத்தையும் மருமகன் முன் மகள் வேடத்தையும் களைந்து வைக்கின்றனர் எனின், பொய் எங்கே, மெய் எங்கே என்பது மீண்டும் ஆராயப்பட வேண்டியதாகிறது.

விளையாட்டு வேடத்தின் அறத்துக்கு உரைகல் ஒன்று வேண்டின், அதனை இமாம் நவவியின் விளக்கமொன்றிலிருந்து பெறலாம். கணவன் மனைவியரிடையே அன்பைப் பெருக்கும் பொருட்டுச் சொல்லப்படும் மிகைமொழிக்கு ஹதீஸில் இடமுண்டு. அதனை விளக்கும் நவவி, ஒருவர்மேல் உள்ள கடப்பாட்டைத் தட்டிக்கழிக்கவோ தமக்குரியதல்லாததைக் கவரவோ செய்யும் ஏமாற்று முற்றாக விலக்கப்பட்டதென வரையறுக்கிறார். வேடத்தின் உள்ளே என்ன சொல்லப்பட்டது என்பதன்று, வேடத்துக்கு வெளியே எவருடைய உரிமை பறிபோயிற்று என்பதே வினா.

இவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்க்கும்போது வார விடுமுறையின் மற்றொரு பக்கம் தெரிகிறது. அடுப்புக்கு விடுமுறை இல்லை. பகல் பதினொரு மணியானதும் கோட்டை வாயிலில் நின்ற போர்மகள் எழுந்து அரிசி களையச் செல்கிறாள். போர்வீரன் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டு அவள் முறைக்காகக் காத்திருக்கிறான். அவன் ஓய்வெடுப்பதாகவும் இருவரும் ஓய்வெடுப்பதாகவும் ஒருசேர நம்புகிறான். இரண்டு நாளில் அவன் ஏற்ற பாத்திரங்களுள் இதுவொன்றே ஐயத்துக்குரியது. நபிகளார் வீட்டில் யாது செய்வார் என வினவியோருக்கு, குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார் என ஆயிஷா அவர்கள் விடையளித்தமை எல்லாப் பள்ளிவாசல்களிலும் கூறப்படும் செய்தி. மாப்பிள்ளைக்கு அடுப்படி அழகன்று என்ற வழக்கு எங்கிருந்து வந்தது என்பதை அச்செய்தியைச் சொல்வோர் பெரும்பாலும் வினவுவதில்லை.

மீன் அறுப்பதில் ஒருவரும் தேங்காய் துருவுவதில் ஒருவருமாக இருவரும் அடுப்படியில் நின்றால், ஆட்டம் சற்றுப் பிந்தித் தொடங்கும். மாமியார் முதல் நாள் வியப்புடன் நோக்குவார். அடுத்த வாரம் தாமும் ஒரு பாத்திரம் கேட்கக்கூடும்.